முள்ளைத் தொடாதே

உன் டைம்பீஸ் இப்போது என் மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது, உன் மகள் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். "இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அம்மா சொல்லிட்டே இருந்தா. ஆனா இது சரியா மணி காட்டாது அத்தே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரிய வீட்டில் சிரிக்கிறாளே என்று உன் சொந்தக்காரர்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். சற்றுமுன்தான் அவர்களில் ஒருத்தர், "நல்லவதான், ஆனா அனுசரிச்சுப் போகத் தெரியாது" என்று உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்கு நாற்பது வருஷமாகக் கிடைத்த பட்டம். செத்த பிறகும் விடவில்லை.

இப்போது காலை பத்து மணி. உன் டைம்பீஸில் மூன்றே முக்கால். பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி, அதில் உன் கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறாய்: "சாவி கொடுக்கலாம். முள்ளைத் தொடாதே." உன் வீட்டில் இரண்டு கடிகாரம். சுவரில் இருப்பது நம் ஊர் வழக்கப்படி பத்து நிமிடம் கூட்டி வைத்தது, பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க. பீரோவில் இருந்தது இட்லி வேக எவ்வளவு நேரம், மகளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு என்று பார்க்க. "மணி வேணும்னா செவுத்தப் பாரு. எவ்வளவு நேரம்னு வேணும்னா இதப் பாரு. இது கிட்ட மணி கேக்காத" என்பாய். வீட்டுக்கு வந்தவர்கள் உன்னைக் கிறுக்கி என்றார்கள். அந்தக் கிறுக்கின் காரணம் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஏனென்றால் அந்தக் காரணமே நான்தான்.

டைம்பீஸ் என் வீட்டுக்கு வந்த அதே வாரம் தபாலில் ஒரு கவரும் வந்தது. நாம் வேலை பார்த்த கம்பெனிக்கு ஆண்டுவிழா மலர் போடுகிறார்களாம். முதலாளி போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. இப்போது அவர் மகன் நடத்துகிறான். "குற்றாலம் எச்சரிக்கைச் சங்கு, நம் முதல் சாதனை" என்று ஒரு பக்கம் அவர்களே எழுதி, அடியில் என் பெயரைப் போட்டு, கையெழுத்துக்குக் கோடு கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். உன் பெயர் எங்கும் இல்லை. நடுவில் ஒரு வரி: "முதல் பருவத்தில் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட சிறு தடங்கலைத் தவிர." அந்த வரியை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அன்றும் அடியில் எனக்காக ஒரு கோடு இருந்தது.

உனக்கு எழுத உட்கார்ந்ததே அதனால்தான். அழ அல்ல. அழுவதற்கு வேறு நாள் வைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் நினைவிருக்கிறதா? நாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சாரல் விழுந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நடை. மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நின்று, யார் அதிக நேரம் தலையைக் கொடுத்து நிற்பது என்று பந்தயம். நான் நூறு எண்ணினேன் என்பேன், நீ எழுபது என்பாய். தண்ணீர் தலையில் இடிக்கும்போது எண்ணிக்கை தானாக ஓடும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும்; ஒத்துக்கொள்ளவில்லை. சளி பிடித்ததால் குளிக்காமல் படியில் துண்டுகளைக் காத்துக்கொண்டிருந்த நம் வகுப்புப் பிள்ளையை எண்ணச் சொன்னவள் நீ. "நனையுதவ எண்ணக் கூடாது. நனையாதவ எண்ணட்டும். நடுவுல யாரும் அவகிட்டப் பேசப்பிடாது" என்றாய். அன்று நான் தோற்றேன். அதன் பிறகும் எத்தனையோ முறை.

எண்பதுகளின் நடுவில் நாம் இருவரும் ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். தென்காசியில் ரயில் நிலையம் போகும் தெருவில், மாடியில் இரண்டு அறை. அதுவரை அங்கே ஸ்டெபிலைசர் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அருவியில் வெள்ளம் வருமுன் சங்கு ஊதும் இயந்திரம் செய்ய உத்தரவு கிடைத்ததும், மின்னணு டிப்ளமா என்று என்னையும் இயற்பியல் பட்டம் என்று உன்னையும் முதலாளி எடுத்துக்கொண்டார். அருவிக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு மிதவை. அங்கிருந்து ஒயர் கீழே காவல் அறைக்கு. அறையில் நம் பெட்டி. தண்ணீர் ஒரு சாண் ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பெட்டி பார்க்கும். மெதுவாக ஏறினால் மஞ்சள் விளக்கு. மூன்று நிமிடத்துக்குள் ஏறிவிட்டால் சங்கு.

பெட்டிக்குள் இருந்த கணினிச் சில்லுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யத் தெரியும். நமக்கோ மூன்று வேலை: மிதவையைப் பார்ப்பது, சங்கை ஊதுவது, சிவப்பு எழுத்துப் பலகையில் மணியைக் காட்டுவது. மூன்றுக்கும் முறைவைத்து ஆள் மாற்றிவிட ஒரு சின்ன நிரல் எழுதினோம். இன்றைய பிள்ளைகள் அதற்கு நிகழ்நேர இயங்குதளம் என்று பெரிய பெயர் சொல்வார்கள். நாம் மேஸ்திரி என்றோம். மேஸ்திரி நல்லவர்தான். ஆனால் அவருக்குக் கீழே இருந்த மூன்று பேரும் அவரவர் பாட்டுக்கு நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சும்மா சுற்றிச் சுற்றி நேரம் போக்குவான். இன்னொருத்தன் டைமர் சில்லுக்குள் நேராகக் கையை விட்டு எண்ணை எடுப்பான்.

ஐந்தருவிக்கு வைக்க இரண்டாவது போர்டு வந்தபோது குட்டு வெளிப்பட்டது. அதில் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல் வேறு, அந்தத் துடிப்பை எண்ணும் டைமர் வேறு. பழைய நிரலை ஏற்றினால், நாம் இரண்டு நிமிடம் என்று எழுதியிருந்தது மூன்று நிமிடமாக நீண்டது. எங்கெங்கே எண் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடி மாற்றலாம் என்று நான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். நீ பென்சிலைப் பிடுங்கினாய்.

"ஏட்டி, ஒவ்வொரு போர்டுக்கும் இப்படித்தான் பேன் பாக்கப் போறியா? நனையுதவனெல்லாம் எண்ணுதான், அதான் வினை. நேரம் வேணும்னா எவனா இருந்தாலும் ஒரே வாசல்ல வந்து கேக்கட்டும்."

அப்படித்தான் நிரலுக்குள் அந்த வாசலைக் கட்டினாய். டைமர் எந்த வகை, கிரிஸ்டல் என்ன வேகம் என்பதெல்லாம் வாசலுக்கு உள்ளே இருப்பவளுக்கு மட்டும் தெரியும். வெளியே நின்று கேட்பவனுக்குப் பதில் எப்போதும் ஒரே அளவில் வரும். போர்டு மாறினால் உள்ளே ஒரு பக்கத்தை மாற்றினால் போதும். மற்ற எவனுக்கும் தெரியவே தெரியாது. "நேரா எடுக்காம எதுக்கும்மா சுத்தி வளைச்சு? வேகம் கொறையும்லா?" என்று முதலாளி வந்து நின்றார். "ஒரு சொடக்குப் போடுத நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட ஆகாது சார்" என்றாய், தலையை நிமிர்த்தாமல். இரண்டாவது போர்டு அன்று சாயங்காலமே சரியாக ஓடியது.

வாசல் நீ கட்டியது. ஓட்டை நான் வைத்தது. இதை எழுதத்தான் வேண்டும்.

அந்த வாசலில் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும் என்றாய். "மணி என்ன?" என்பது ஒன்று; அதை ஆட்கள் பொத்தானை அழுத்தித் திருப்பி வைக்கலாம். "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்பது இன்னொன்று, மின்சாரம் கொடுத்த நொடியிலிருந்து எண்ணிக்கொண்டே போகும், அதை யாராலும் தொட முடியாது. சாண் கணக்குக்கு இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும் என்பது உன் கட்சி. சில்லில் இடம் இல்லை என்பது என் கட்சி. பழைய நிரலை அழிக்கச் சில்லை ஊதா விளக்குப் பெட்டியில் வைத்தால் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இருபது நிமிடமும் வறுகடலையைத் தின்றுகொண்டே சண்டை போட்டோம். "ஒரு வீட்டுல எதுக்குட்டி ரெண்டு கடியாரம்?" என்று கேட்டேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு. உண்மையில் இடம் இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் பலகையில் கம்பெனிப் பெயரும் முதலாளி பெயரும் ஓட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அந்தப் பெயர் உட்கார்ந்திருந்த இடம், உன் இரண்டாவது எண்ணிக்கைக்குத் தாராளமாகப் போதும். பெயரை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் எண்ணிக்கையை எடுத்தேன். இரண்டு நாள் முறைத்துவிட்டு, "சரி, இந்தத் தடவ போட்டும்" என்றாய்.

காவல் அறைக்கு ஆளாக ஆய்க்குடி அண்ணாச்சியைப் போட்டார்கள். அதற்குமுன் சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டியவர். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீல் மாற்றுவதில் ஒரு நாளும் திரையை வெள்ளையாக விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். நம் பெட்டியைத் தினமும் துடைத்து, விபூதி பூசி, ரேடியோச் செய்திக்கு மணியைச் சரிபார்ப்பார். கையால் சங்கு ஊத ஒரு பொத்தான் வைக்கலாம் என்று நாம் கேட்டதற்கு, "கண்டவனும் விளையாட்டுக்கு ஊதுவான்" என்று முதலாளி மறுத்துவிட்டார். மணியைத் திருப்ப மட்டும் பொத்தான் உண்டு. வருகிறவர்கள் பலகையில் மணி பார்த்து மெச்ச வேண்டுமல்லவா.

அந்த ஆனியில் ஒரு முற்பகல். மேலே மலையில் கருமேகம் கவிழ்ந்து நிற்கிறது. அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. அவர் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் கூட்டித்தான் ஓடும். என் வீட்டிலும் அப்படித்தான். தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் அப்படி இல்லை? கூட்டி வைத்தால் எதற்கும் முந்திக்கொள்ளலாம். இந்தப் பெட்டியையும் பத்து நிமிடம் கூட்டி வைத்தால் சங்கு பத்து நிமிடம் முந்தி ஊதும், சனங்கள் அதற்குள் கரையேறிவிடுவார்கள் என்று அந்த மனுஷன் நினைத்தார். பொத்தானை அழுத்திக் கூட்டி வைத்தார்.

அந்த நேரத்தில் மேலே தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. இரண்டு நிமிடத்தில் ஒரு சாண் ஏறியது. நடுவில் மணி பத்து நிமிடம் தாண்டிக் குதித்ததால், பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு சாண் என்று பெட்டி கணக்குப் போட்டது. மெதுவாகத்தானே ஏறுகிறது என்று மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அடுத்த சாணுக்குத்தான் சங்கு ஊதியது. அதற்குள் அருவி செங்காவி நிறமாகிக் கிளையும் சருகுமாகக் கொட்டத் தொடங்கிவிட்டது.

அண்ணாச்சி சங்குக்குக் காத்திருக்கவில்லை. சன்னல் வழியாகச் சருகு வருவதைப் பார்த்ததும், "ஏலே, வெளிய வாங்கலே! தண்ணி வருது!" என்று கத்திக்கொண்டே ஓடி, கையில் அகப்பட்டவர்களையெல்லாம் இழுத்துக் கரையில் போட்டார். கடைசியாக வந்த வெளியூர் அம்மா ஒருத்திக்குப் பாறையில் மோதிக் கை முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அது அந்த மனுஷனால். நம் பெட்டியால் அல்ல.

அவர் எதையும் மறைக்கவில்லை. பத்து நிமிடம் கூட்டி வைத்ததை அவரே வந்து சொன்னார். அதைக் கேட்டதும் உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். என் முகத்தை நீயும் பார்த்திருப்பாய். மூன்றாம் நாள் முதலாளி ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். ஊழியரின் கவனக்குறைவால் தடங்கல் ஏற்பட்டது, இயந்திரத்தில் குறை ஏதும் இல்லை. அடியில் முதலாளி, நீ, நான் என்று மூன்று கையெழுத்துக்கு இடம்.

"இதுல நான் போட மாட்டேன் சார்" என்றாய்.

"ஏன், அவன் திருப்புனது நெசம்தானே?"

"நெசம்தான். திருப்பப் பொத்தான் வச்சது நாம. திருப்புனாக் கெட்டுப்போற கணக்க எழுதுனதும் நாம. அவரு ஊர்ல எல்லாரும் செய்யுதத செஞ்சாரு."

"ஊர் நாயம் பேசாத. கையெழுத்துப் போடலன்னா நாளைலேருந்து வர வேண்டாம்."

"நாளைக்கு வருவேன். அந்தச் சில்லச் சரி பண்ணாமப் போக மாட்டேன். அதுக்குப் பொறவு நீங்க கூப்பிட்டாலும் வர மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம், வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்தி. அதை நீ ஒரு நாளும் சாக்கு என்று சொன்னதில்லை. நான் சொல்கிறேன்: சாக்கு. உன் எண்ணிக்கையை வெட்டியவள் நான் என்று அந்த அறையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீயும் சொல்லவில்லை. "நானும்தானட்டி சரின்னேன்" என்று பிறகு சொன்னாய். அந்தப் பெருந்தன்மைக்காக உன்மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

ஆறு நாள் வந்தாய். முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்கு அது வசதியாக இருந்தது. சில்லில் இருந்த அவர் பெயரை வழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டாவது எண்ணிக்கையை வைத்தாய். பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தோம். பலகையில் பெயர் ஓடும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், வெறும் மணி மட்டும் தெரிவதைப் பார்த்து விழித்தார். பிறகு என்னையே மணியைப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கச் சொன்னாய். மிதவையைத் தூக்கினோம். சங்கு பிசகாமல் ஊதியது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாய். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு அறை பிடித்து மிக்ஸியும் ரேடியோவும் பழுது பார்க்க உட்கார்ந்தாய். பொம்பளை ரிப்பேர் கடை என்று சிரித்தவர்கள் ஆறு மாதத்தில் வரிசையில் நின்றார்கள்.

நான் அங்கேயே இருந்தேன். எத்தனையோ போர்டு வந்தது, சில்லு வந்தது. ஒவ்வொன்றுக்கும் வாசலுக்கு உள்ளே அந்த ஒரு பக்கத்தை மாத்திரம் மாற்றினேன். வெளியே ஒரு வரி தொட வேண்டியிருக்கவில்லை. அதைத்தான் இப்போது "நிறுவனரின் தொலைநோக்கு" என்று மலரில் போட்டிருக்கிறார்கள்.

வெகு நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நாம் ஆலங்குளம் போனபோது, பஸ்ஸில் நீ ஒன்று சொன்னாய். நீ வேலையை விட்ட வாரமே ஆய்க்குடிக்குப் போய், வேலை பறிபோய் வீட்டில் இருந்த அண்ணாச்சியைப் பார்த்தாயாம். தப்பு உங்கள்மேல் இல்லை என்று விளக்கினாயாம். அவர் நம்பவில்லையாம். "நீ எனக்காகச் சொல்லுத தாயி. கையெழுத்துப் போட்ட பிள்ளையும் படிச்ச பிள்ளதானே, அது பொய்யா எழுதும்?" என்றாராம். சொல்லிவிட்டு நீ சன்னலுக்கு வெளியே பார்த்தாய். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் வேலையை விட்டு எடுக்கப்பட்டது முதலாளியால். அவர் தன்னைத்தானே குற்றவாளி என்று நம்பியது என் கையெழுத்தால்.

போன செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கு போன் செய்தேன். அந்த வரியை எடு, கம்பெனி எழுதிய பக்கத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், நானே ஒரு பக்கம் தருகிறேன் என்றேன். "அந்தக் காலத்துக் கத எதுக்கு மேடம் இப்பம்? கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்" என்றான் முதலாளி மகன். அனுசரித்துப் போனதால்தான் தம்பி இந்த வயதில் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். என் பக்கத்தில் உன் பெயர் இருக்கிறது. வெட்டியவள் நான் என்பதும் இருக்கிறது. போடாவிட்டால் மலர் வெளியிடுகிற அன்று போய் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன்.

பிறகு உன் டைம்பீஸைப் பையில் வைத்துக்கொண்டு ஆய்க்குடிக்கு பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி இருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது, கண் கொஞ்சம் மங்கல். நீ போய்விட்டாய் என்றதும் எந்தக் கிழமை என்று கேட்டார். நான் யார் என்று சொன்னேன். "கையெழுத்துப் போட்ட பிள்ள" என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருக்கலாம். எழுதிய பக்கத்தை வாசித்துக் காட்டினேன். சுவரில் இருந்த கடிகாரத்தை இறக்கி அவர் மடியில் வைத்து, உன் டைம்பீஸைப் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க மணிய ஒரு பத்து நிமிஷம் கூட்டுங்க."

விரலால் தடவித் திருப்பினார்.

"இந்தச் சின்னது திரும்பிச்சா?"

டைம்பீஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இல்லியே. அது பாட்டுக்கு ஓடுது."

"இது மாரி ஒண்ணு அந்தப் பெட்டிக்குள்ள இருந்திருக்கணும். அவ வச்சா. நான் எடுத்துட்டேன். நீங்க திருப்புனதுல தப்பே இல்ல."

அவர் டைம்பீஸைத் திருப்பி, பின்னால் இருந்த எழுத்தை விரலால் தடவினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"இது மணி காட்டாது, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு மட்டுந்தான் சொல்லும், அப்படித்தானே?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் இதச் சொல்லுததுக்கு நீ இங்கன வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு இதுல பாத்துச் சொல்லு தாயி."

அவர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். கிளம்பும்போது சுவர்க் கடிகாரத்தை மறுபடி மாட்டினேன். ஏற்கெனவே பத்து நிமிடம் கூட்டியிருந்தது இப்போது இருபது நிமிடம். சரி செய்யட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

காலையில் எழுத உட்கார்ந்தது, சாயங்காலம் ஆகிவிட்டது. இன்றும் டைம்பீஸுக்குச் சாவி கொடுத்தேன். மூன்றரைச் சுற்றோடு இறுகி நிற்கிறது. இதை என் பீரோவில் வைக்கப்போவதில்லை. வருகிறவர்கள் கண்ணில் படும்படி கூடத்திலேயே வைத்திருக்கிறேன். மணி தப்பாக இருக்கிறதே என்று சொல்லி எவராவது கையை நீட்டினால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். நேற்று உன்னை அனுசரிக்கத் தெரியாதவள் என்று சொன்ன அதே சொந்தக்காரர் வந்திருந்தார். அவரும் கையை நீட்டினார். உட்காரவைத்து, அருவியிலிருந்து ஆய்க்குடிவரை முழுக்கதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.